இராசிபலனுக்கு ஒரு பக்கம், செவ்வாய்க்கு மூன்று வரி

ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். ஒரு காலத்தில் கொழும்பில் என்னோடு ஒரே ஆசிரிய பீடத்தில் பணியாற்றியவர். ஊர்ப்புதினம், நோய்நொடி, பிள்ளைகளின் கலியாணம் என்று சுழன்ற பேச்சு, நான் அப்போது படித்துக்கொண்டிருந்த செவ்வாய்க்கோள் பற்றிய கட்டுரையொன்றில் வந்து முட்டிக்கொண்டது. "உமக்கு இன்னும் அந்தச் செவ்வாய் விசர் தீரேல்லையே? எங்கடை சனத்துக்கு அதாலை என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார். நானும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

ஆனால், முப்பது ஆண்டுகளாக இதே கேள்வியை ஆசிரியர்களிடமும் விளம்பரப் பிரிவினரிடமும் உறவினர்களிடமும் கேட்டுக் கேட்டு நான் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இனியும் மழுப்புவது நேர்மையாகாது. அந்தக் கேள்விக்கான என் பதிலை இங்கே எழுத்தில் வைக்கிறேன். இதில் என் தொழிலின்மீது குற்றச்சாட்டு உண்டு. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில், இந்த 'விசர்' எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். 1993 இல் நான் யாழ்ப்பாணத்தில் கலைப்பீட மாணவன். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த விளக்கில் படித்தோம். மின்கலம் தடைசெய்யப்பட்டிருந்தமையால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அவ்வாறு கேட்ட ஓர் ஆங்கிலச் செய்தியில்தான், ஓகஸ்ட் 21 ஆம் திகதி 'மார்ஸ் ஒப்சேவர்' என்ற அமெரிக்க விண்கலம் செவ்வாயை அடைவதற்கு மூன்று நாட்களே இருந்த நிலையில் தொடர்பை இழந்துவிட்டது என்று அறிந்தேன். வாசலுக்கு வந்து பார்த்தேன். ஊர் முழுவதும் இருள். அந்த இருளில் வானம் தெரிந்த அளவுக்கு அதன்பின் நான் எங்கும் கண்டதில்லை. அந்த இருளுக்கு அப்பால் எங்கோ ஒரு கலம் பேச்சற்றுப் போய்விட்டது என்ற எண்ணம் ஏனோ என்னை விட்டு அகலவில்லை. பேச்சற்றுப்போதல் என்றால் என்ன என்பது அக்காலத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று தொடங்கிய பழக்கம் இது. 1997 இல் பாத்ஃபைண்டர், 2004 இல் ஸ்பிரிட், ஒப்பர்சூனிட்டி, 2012 இல் கியூரியோசிட்டி, 2018 இல் இன்சைட், 2021 இல் பெர்சவரன்ஸ் என்று ஒவ்வொரு தரையிறக்கத்தையும் கிடைத்த வசதியைக்கொண்டு பின்தொடர்ந்து வந்திருக்கிறேன். ஆயினும் நான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புவது 2008 இல் இறங்கிய பீனிக்ஸ் பற்றியே. என் வழக்கு முழுவதும் அந்த ஒரு கலத்தில் அடங்கியிருக்கிறது.

பீனிக்ஸ் ஏன் அப்பெயரைப் பெற்றது? 1999 டிசெம்பர் 3 ஆம் திகதி 'மார்ஸ் போலார் லாண்டர்' என்ற கலம் செவ்வாயின் தென்துருவத்தை அண்மிய பகுதியில் இறங்கும்போது தொலைந்தது. இறங்கும் வேளையில் அது பூமிக்கு எந்தத் தகவலையும் அனுப்பும் வகையில் அமைக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே என்ன நடந்தது என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை. விசாரித்த குழு ஒரு முடிவுக்கு வந்தது: கால்கள் விரிந்தபோது உண்டான அதிர்வைத் தரைதொட்டதற்கான சைகையாகக் கணினி எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 40 மீற்றர் உயரத்திலேயே உந்துபொறிகளை நிறுத்தியிருக்கக்கூடும். இதுவே காரணம் என்று அக்குழு அடித்துச் சொல்லவில்லை. மிகக் கூடிய வாய்ப்புள்ள காரணம் என்றே சொன்னது. அத்தோல்வியால் 2001 இல் செல்லவிருந்த அதன் உடன்பிறப்பான கலமும் கைவிடப்பட்டுக் களஞ்சியத்துக்குப் போனது. பின்னர் அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் சிமித்தின் தலைமையில் அந்தக் கைவிடப்பட்ட கலத்தை எடுத்து, அதனுள் மறைந்திருந்த குறைகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தி, வடதுருவப் பகுதிக்கு அனுப்பினார்கள். சாம்பலிலிருந்து எழுந்த பறவையின் பெயர் அதற்குப் பொருத்தமே.

இலங்கை நேரப்படி 2008 மே 26, திங்கட்கிழமை. அதிகாலை 5 மணி 23 நிமிடம். வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில், விக்கி விக்கி ஓடிய இணைய ஒளிபரப்பின் முன் அமர்ந்திருந்தேன். கலம் மணிக்கு 20,000 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் செவ்வாயின் மெல்லிய வளியில் நுழையும். வெப்பக் கவசம் எரிந்து வேகத்தைத் தணிக்கும். பின்னர் பரசூட் விரியும். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் உயரத்தில் பரசூட்டைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டு உந்துபொறிகளின் துணையால் கால்களில் இறங்கும். ஏழு நிமிட வேலை. அன்றைய தூரத்தில் ஒளிக்கும் வானொலி அலைக்கும் செவ்வாயிலிருந்து பூமிக்கு வரப் பதினைந்து நிமிடங்கள் வேண்டும். அதாவது, கலம் வளியைத் தொட்டது என்ற முதற் செய்தி நமக்கு எட்டும்போதே கலம் தரையில் நின்றுகொண்டோ நொறுங்கிக் கிடந்தோ எட்டு நிமிடங்களாகியிருக்கும். மனிதர் எவராலும் எதுவும் செய்ய இயலாது. முன்னரே செய்துவைத்த வேலை சரியா பிழையா என்பது மட்டுமே அங்கே தீர்மானமாகும்.

தரைதொட்டது என்ற குரல் கேட்டது. அங்கே விஞ்ஞானிகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் தேநீர் வைத்துக் குடித்துவிட்டு, அலுவலகம் செல்வதற்கு முன்பே எழுதத் தொடங்கினேன்.

அந்தக் கட்டுரையில் ஒரு விசேட செய்தியை வைத்திருந்தேன். பீனிக்சின் மேற்தளத்தில் கண்ணாடியாலான குறுவட்டு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அமெரிக்காவின் கோள்கள் சங்கம் தயாரித்த அதில், செவ்வாயைப் பற்றி மனிதர் எழுதிய கதைகளும் வரைந்த ஓவியங்களும் இரண்டரை இலட்சம் பேரின் பெயர்களும் இருந்தன. வருங்காலத்தில் செவ்வாயில் வாழப்போகும் மனிதருக்காகச் சிலர் பேசிப் பதிவு செய்த வாழ்த்துகளும் இருந்தன. அவர்களுள் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். 1956 முதல் இந்த நாட்டில் வாழ்ந்து, 2008 மார்ச் 19 ஆம் திகதி கொழும்பில் காலமானவர். தாம் இலங்கையிலிருந்து பேசுவதாக அறிமுகம் செய்துகொண்டே அந்த வாழ்த்தை அவர் 1990களில் பதிவு செய்திருந்தார். முதலில் அது ரஷ்யாவின் 'மார்ஸ் 96' கலத்தில் செல்ல இருந்தது. அக்கலம் 1996 நவம்பரில் பூமிக்கே திரும்பி விழுந்து அழிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, பேசியவர் கண்மூடி இரண்டு மாதங்களின் பின்னர், அந்தக் குரல் செவ்வாயில் இறங்கியது. இலங்கைப் பத்திரிகையொன்றுக்கு இதைவிடச் சொந்தமான விண்வெளிச் செய்தி வேறென்ன இருக்க முடியும்?

நண்பகலில் கட்டுரையைக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் தலைப்புச் செய்தியாக, படத்தோடு இடுவதாக ஒப்புக்கொண்டார்கள். மாலையில் தெஹிவளையில் புகையிரதத்துக்குள் குண்டு வெடித்தது. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் பலர் மாண்டார்கள். பலர் காயமடைந்தார்கள். நான் நாளாந்தம் போய்வரும் கரையோரப் பாதை அது. பக்கங்கள் அனைத்தும் மாற்றியமைக்கப்பட்டன. பீனிக்ஸ் எடுக்கப்பட்டது. எடுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதில் எனக்கு இன்றும் மனக்குறை இல்லை. அன்றிரவு அந்தப் பக்கம் இறந்தவர்களுக்கு உரியது.

என் வழக்கு மறுநாளிலிருந்து தொடங்குகிறது. மறுநாள் கேட்டேன், "பழசாப் போச்சு" என்றார்கள். அதற்கு மறுநாள் மூன்று வரி வந்தது: நாசாவின் விண்கலமொன்று செவ்வாயில் தரையிறங்கியதாக அறிவிக்கப்படுகிறது என்று. எங்கே, எதற்கு, என்ன செய்யப் போகிறது என்பது எதுவும் இல்லை. இராசிபலன் வழமைபோல் தன் இடத்தில் வந்தது. ஞாயிறு இதழில் வாரபலன் ஒரு முழுப் பக்கம். மணமகன் தேவைப் பத்திகளில் 'எட்டில் செவ்வாய்', 'செவ்வாய்க் குற்றமற்றவர் விரும்பத்தக்கது' என்று செவ்வாயின் பெயர் ஒரே இதழில் பத்து இடங்களிலாவது அச்சாகியிருக்கும். ஒரு கோளின் பெயரை எங்கள் பத்திரிகைகள் அச்சிட்ட அளவுக்கு வேறெவரும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். பெண் பிள்ளைகளின் கலியாணத்தைத் தடுப்பதற்கு மட்டுமே அதற்கு நாங்கள் இடம் கொடுத்தோம்.

இனி, என் குற்றத்தைச் சொல்கிறேன்.

2003 ஓகஸ்ட் 27 ஆம் திகதி செவ்வாய் பூமியிலிருந்து 5 கோடியே 58 இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்கு வந்தது. ஏறத்தாழ அறுபதாயிரம் ஆண்டுகளில் அதுவே மிகக் கிட்டிய வரவு. 75 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவின் அளவுக்குத் தெரியும் என்று யாரோ சரியாகவே எழுதினார்கள். அதில் தொலைநோக்கி உதிர்ந்துபோய், 'செவ்வாய் நிலவளவு தெரியும், வானில் இரண்டு சந்திரன்' என்ற செய்தி மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கியது. ஆண்டும் கழன்று போய், ஒவ்வோர் ஓகஸ்டிலும் அது புதுச் செய்தியாய் வரத் தொடங்கியது.

2008 ஓகஸ்டில் அது எங்கள் பத்திரிகைக்கும் வந்தது. கட்டம் கட்டி, நிலவின் படத்தோடு பக்கத்தில் அமர்ந்தது. அன்றிரவு பொறுப்பிலிருந்தவன் நான். ஒப்புநோக்கிய பிரதி என் கையால்தான் அச்சுக்குப் போனது. அந்த ஓகஸ்டில் செவ்வாய் முப்பது கோடி கிலோமீற்றருக்கும் அப்பால், அந்தி வானத்தின் அடியில் மங்கலான ஒரு புள்ளியாய் இருந்தது என்பது அந்தக் கட்டிடத்தில் எனக்கு மட்டும் தெரியும். நிறுத்தினால் பக்கத்தில் ஓட்டை விழும். அதை நிரப்ப வேறு செய்தி தேட வேண்டும். மற்றொருவரின் பக்கத்தில் கைவைத்ததாக மறுநாள் சண்டை வரும். மணி பத்தரை. களைப்பு. விட்டுவிட்டேன்.

மறுநாள் வத்தளையிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளைகளை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டார். அவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. "முகில் மூட்டமாயிருந்தால் தெரியாமலும் போகலாம், அம்மா" என்றேன். ஒரு பத்திரிகையாளன் தன் வாசகருக்குச் சொல்லக்கூடிய கோழைத்தனமான பொய்களுள் அது ஒன்று. அந்தப் பிள்ளைகள் நள்ளிரவில் மொட்டைமாடியில் கண்களைக் கசக்கிக்கொண்டு நின்றிருப்பார்கள் என்பதை எண்ணும்போது இன்றும் கூசுகிறது.

"அது என்ன பெரிய பொய்? யாருக்கு நட்டம்?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த மாதங்களில் வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தது. சுதந்திரமாகப் போய்ப் பார்க்கப் பத்திரிகையாளருக்கு அனுமதியில்லை. ஒரே மோதலுக்கு இரு தரப்பிலிருந்தும் இரண்டு எண்ணிக்கைகள் வரும். இரண்டையும் அருகருகே அச்சிட்டு, 'உறுதிப்படுத்தப்படவில்லை' என்ற சொல்லை ஒட்டுவோம். எழுதியவர்கள் கொல்லப்பட்ட, கடத்தப்பட்ட காலம். தெரிந்ததை எழுதவும் அஞ்சினோம். அந்த அச்சம் நியாயமானது. அதற்காக நான் எவரையும் பழிக்க மாட்டேன். என்னையும் பழிக்க மாட்டேன்.

ஆனால், செவ்வாயைப் பற்றி உண்மை எழுதக்கூடாது என்று எவர் எங்களைத் தடுத்தார்? எந்தத் தணிக்கையாளர் சிவப்புப் பேனாவோடு நின்றார்? எந்த வெள்ளை வான் வாசலில் காத்திருந்தது? உண்மை எழுதுவதற்கு முழுச் சுதந்திரமும் இருந்த அந்த ஒரேயொரு மூலையிலும் நாங்கள் பொய்யைத்தான் அச்சிட்டோம். இதற்கு அச்சம் காரணமல்ல. சோம்பலும், வாசகர் பற்றிய இளக்காரமுமே காரணம். 'எங்கள் சனத்துக்கு இது விளங்காது, இது தேவையில்லை' என்று வாசகரைக் கேளாமலே வாசகர் பெயரில் தீர்ப்பெழுதினோம்.

அதே மாதங்களில் பீனிக்ஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 2002 இலேயே, செவ்வாயைச் சுற்றிவந்த 'ஒடிசி' கலம் வடக்கிலும் தெற்கிலும் நிலத்தின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஐதரசன் நிறைந்திருப்பதை அளந்து, அது உறைந்த நீராக இருக்க வேண்டும் என்ற கருத்தைத் தந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கவே பீனிக்ஸ் 68 பாகை வட அகலக்கோட்டில் இறங்கியது. ஜூன் மாதத்தில் அதன் கை தோண்டிய குழியில் வெள்ளையான படையொன்று தெரிந்தது. தாயக்கட்டை அளவிலான சில வெள்ளைத் துண்டுகள் ஜூன் 15 ஆம் திகதிப் படத்தில் இருந்தன. ஜூன் 19 ஆம் திகதிப் படத்தில் இல்லை. உப்பு நான்கு நாளில் மறைந்து போகாது. பனிக்கட்டியோ அந்த மெல்லிய வளியில் உருகாமலே ஆவியாகும். ஆகவே அது நீர்ப்பனியே என்று விஞ்ஞானிகள் தம் நியாயத்தைப் படத்தோடு எல்லோர் முன்னிலையிலும் வைத்தார்கள்.

அத்தோடு நின்றார்களா? இல்லை. அந்தப் பனிமண்ணை அடுப்பில் இட்டுச் சூடேற்றி, வரும் ஆவியை அளந்து பார்க்க வேண்டும் என்றார்கள். மண் அகப்பையில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. இரு தடவை முயன்று தோற்றதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். ஜூலை 31 ஆம் திகதி அறிவித்தார்கள்: மாதிரி அடுப்புக்குள் விழுந்தது, சுழியப் பாகையில் உருகியது, நீராவி அளக்கப்பட்டது. கண்ணால் கண்டதற்கும் அளந்து அறிந்ததற்கும் இடையில் ஆறு வாரங்கள். 'உறுதிப்படுத்தப்பட்டது' என்ற சொல்லின் விலை அது. அந்தச் சொல்லை ஓர் இரவில் ஏழு முறை பயன்படுத்திய எனக்கு, அதன் விலையை எவரும் அதற்குமுன் சொல்லித் தந்ததில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஓகஸ்ட் முதல் வாரத்தில், பீனிக்ஸ் உயிர் தொடர்பாக ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்து மறைக்கிறது என்ற வதந்தி பரவியது. விஞ்ஞானிகள் ஆய்வு முடியும்வரை வாய்திறக்காமல் இருந்திருக்கலாம். அவர்கள் பத்திரிகையாளரை அழைத்து, தம் கையிலிருந்த அரைகுறை முடிவையே முன்வைத்தார்கள்: மண்ணில் பெர்குளோரேற்று என்ற உப்பு இருப்பதாக ஒரு கருவி காட்டுகிறது; மற்றக் கருவி அதை இன்னும் உறுதிசெய்யவில்லை; ஆய்வு தொடர்கிறது. வதந்தி அடங்கியது. அந்த உப்பு உண்மையிலேயே அங்கே இருந்தது. அதனால் 1976 இல் இறங்கிய வைக்கிங் கலங்களின் முடிவுகளையே மறுபடி பார்க்க வேண்டி வந்தது. அக்கலங்கள் மண்ணைச் சூடாக்கியபோது வெளிவந்த குளோரீன் சேர்வைகளை, பூமியில் கலத்தைத் துப்புரவு செய்த திரவத்தின் எச்சம் என்று அன்று ஒதுக்கிவிட்டார்கள். செவ்வாய் மண்ணின் பெர்குளோரேற்றே சூட்டில் சேதன மூலக்கூறுகளைச் சிதைத்து அவற்றை உண்டாக்கியிருக்கலாம் என்று 2010 இல் ஆய்வாளர் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கோப்பைத் திறந்து, 'நாம் பிழையாக விளங்கியிருக்கலாம்' என்று சொல்லும் ஒரு துறை அது. நேற்றைய பிழைக்கு இன்று ஓர் அங்குலத் திருத்தம் போடவும் மானம் போய்விடும் என்று எண்ணும் துறை எங்களுடையது.

நண்பர் கேட்ட பிரயோசனம் இதுதான். சான்று என்றால் என்ன, அதை எப்படிச் சோதிப்பது, எவ்வளவு உறுதியோடு எதைச் சொல்லலாம் என்பதை அந்த ஐந்து மாதங்களும் நாள் தவறாமல் ஒரு கலம் நடத்திக் காட்டியது. அதைத் தமிழில் ஒழுங்காகப் படித்த வாசகர், மறுநாள் காலை எந்த அறிக்கையைப் படித்தாலும் 'யார் பார்த்தது, எப்படி அளந்தது, மறுத்துப் பார்த்தவர் யார்' என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்வி எங்கள் சனத்துக்குத் தேவையில்லை என்றா சொல்கிறீர்கள்? 2008 இலும் 2009 இலும் உலகத்தில் எவரைவிடவும் எங்கள் சனத்துக்கே அது தேவையாக இருந்தது.

செலவைப் பற்றிப் பேசுவோரும் உளர். பசித்தவன் இருக்கும் உலகில் கோளுக்குக் கலம் ஏன் என்பது மனச்சாட்சியிலிருந்து எழும் கேள்வி. அதை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் கணக்கைச் சரியாகப் பார்ப்போம். பீனிக்சின் மொத்தச் செலவு ஏறத்தாழ 420 மில்லியன் டொலர். பல ஆண்டுகளில், பூமியில், பொறியியலாளருக்கும் தொழிலாளருக்கும் சம்பளமாகப் போன பணம். அதே 2008 ஆம் ஆண்டில் இந்தச் சின்னஞ்சிறு தீவின் பாதுகாப்புச் செலவுக்கென வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 166 பில்லியன் ரூபா. அன்றைய நாணயமாற்றில் ஒன்றரை பில்லியன் டொலர். மூன்று பீனிக்ஸ் அனுப்பியும் மிச்சமிருந்திருக்கும். செவ்வாய்ச் செலவு கண்ணை உறுத்திய எங்கள் ஆசிரியத் தலையங்கங்களில் இந்தக் கூட்டல் கழித்தலை நான் கண்டதில்லை. செவ்வாய்க்குப் போன பணம் எப்படியும் முல்லைத்தீவுக்கு வந்திருக்காது. முல்லைத்தீவுக்குப் போன பணம் எதுவாய்ப் போனது என்பது உலகறிந்தது.

'அமெரிக்கன்ரை எடுப்பு' என்போரும் உளர். அமெரிக்கக் கொடியை ஆட்டுவதற்கு எனக்கு ஓர் அவசியமும் இல்லை. ஆனால் பீனிக்சின் வானிலை நிலையம் கனடாவுடையது. கையில் பொருத்திய கமராவில் ஜேர்மனியரின் பங்கு இருந்தது. காற்றின் திசைகாட்டும் சிறு கருவி டென்மார்க்கின் பல்கலைக்கழகமொன்றில் செய்யப்பட்டது. நுணுக்குக்காட்டிகளில் ஒன்று சுவிற்சர்லாந்தினுடையது. கனடாவிலும் டென்மார்க்கிலும் சுவிசிலும் ஜேர்மனியிலும் வரி செலுத்தி வாழும் எங்கள் சனத்தின் காசும் அதில் இருந்தது. அது தங்கள் கலமும்தான் என்று அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது தமிழ்ப் பத்திரிகை. சொல்லவில்லை.

'நீர் கலைப் பட்டதாரி, உமக்கேன் இந்த வேலை?' என்பதும் ஒரு கேள்வி. செவ்வாயில் கலம் இறக்குவதற்குத்தான் கணிதம் வேண்டும். இறங்கிய செய்தியைச் சரியாக எழுதுவதற்கு வேண்டியது, மூலத்தைப் படிக்கும் பொறுமை, விளங்காததை விளங்கியவரிடம் கேட்கும் பணிவு, 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்று மாற்றாத ஒழுக்கம். இம்மூன்றும் கலைப்பீடத்தில் தடைசெய்யப்பட்டவை அல்ல.

காலம் மாறிவிட்டதே, இன்று நிலைமை திருந்தியிருக்குமே என்று நீங்கள் எண்ணலாம். 2021 பெப்ரவரி 19 ஆம் திகதி, எங்கள் நேரம் அதிகாலை 2 மணி 25 நிமிடத்தில் பெர்சவரன்ஸ் தரையிறங்கியது. தரைதொட்டதை உலகுக்கு அறிவித்தவர் சுவாதி மோகன் என்ற பொறியியலாளர். அக்கலத்தை வழிநடத்தும் பிரிவின் செயற்பாடுகளுக்குத் தலைமை வகித்தவர். இறங்கும் வேளையில் நிலத்தைப் படம்பிடித்து, தன்னிடமிருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஆபத்தான இடத்தைத் தானே தவிர்த்து இறங்கியது அந்தக் கலம். செவ்வாயில் அப்படி இறங்கிய முதற் கலம் அதுவே. மறுநாள் எங்கள் சமூகத்தில் பேசப்பட்டது என்ன? அந்தப் பெண்ணின் நெற்றிப்பொட்டு. அவர் அறிவித்ததை விட்டுவிட்டு, அவர் இட்டிருந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாய் எழுதினார்கள். மூன்று வரி இப்போது முந்நூறு வரியாகியிருக்கிறது. இளக்காரம் அதே அளவில்தான் இருக்கிறது.

ஆகவே, இன்று ஆசிரிய பீடங்களில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கையரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இராசிபலனை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்த மாட்டீர்கள் என்பது தெரியும். கிழமையில் ஒருநாள் அதன் பாதி இடத்தை விஞ்ஞானத்துக்குத் தாருங்கள். அதை எழுதுபவர் மூலத்தைப் படித்திருக்க வேண்டும் என்று விதியுங்கள். பிழை விட்டால் பிழை வந்த அதே இடத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் போடுங்கள். வாசகருக்கு விளங்காது என்று சொல்வதற்கு முன்னர், ஒருமுறை விளங்கும்படி எழுதிப் பாருங்கள். இரவு பத்தரை மணிக்குக் களைப்போடு ஒரு பொய் உங்கள் கையைக் கடந்து போகும்போது, அதை நிறுத்துங்கள்.

பீனிக்சின் இறுதிச் சைகை 2008 நவம்பர் 2 ஆம் திகதி கிடைத்தது. துருவக் குளிர்காலம் நெருங்க வெயில் குறைந்து, மின்கலம் அற்று, அது உறைந்தது. 2010 மே மாதத்தில் மேலிருந்து எடுத்த படத்தில் அதன் சூரியப் பலகைகள் பனிப்பாரத்தால் சேதமுற்றிருப்பது தெரிந்தது. அந்தக் குறுவட்டு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அதில் இலங்கையிலிருந்து பேசும் ஒரு குரல் இருக்கிறது. அந்தச் செய்தியை இலங்கைத் தமிழ் வாசகருக்குச் சொல்ல 2008 மே மாதத்தில் ஒரு பக்கம் கிடைக்கவில்லை. பிந்தியாவது இங்கே சொல்லிவிட்டேன்.

வத்தளையிலிருந்து அழைத்த அந்த அம்மாவும் இதைப் படிக்க நேர்ந்தால், அன்று இரவு வானத்தில் இரண்டாவது சந்திரன் இருக்கவில்லை. அது எங்கள் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.